கையில் அரிசி இருக்க, ரொட்டிக்கு அலைவானேன்?



இந்த மாதம் உங்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்குமுன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசராக வேலை பார்த்த கடைசி ஆண்டுகளில், பால்வெட்டுக்குப் போகும் ஒரு தாயார் தம் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி வருவார். பிள்ளைக்கு வயிறு மட்டும் பானை போல முன்னுக்கு நிற்கும்; கையும் காலும் குச்சி. வாரத்தில் நாலு நாள் பேதி. முகம் வெளுத்திருக்கும். வாயில் ஓயாத புண். நான் பூச்சி மருந்து கொடுத்தேன். இரண்டாம் முறையும் கொடுத்தேன். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அந்தத் தாயையே கடிந்துகொண்டேன். "பிள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறியா தங்கச்சி? ரொட்டி, பிஸ்கட்டு, ஹார்லிக்ஸ் வாங்கிக் குடு. தெம்பு வரும்" என்றேன். அவரும் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுத்தார். பிள்ளை இன்னும் இளைத்தது.

பல மாதம் கழித்துப் பெரிய மருத்துவமனையில் இரத்தம் எடுத்துச் சோதித்து, குடலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அது சீலியாக் என்ற நோய். கோதுமை அந்தப் பிள்ளையின் குடலுக்கு ஆகாது. நான் தெம்புக்கென்று எழுதிக் கொடுத்த அத்தனையும் அவளுக்கு விஷமாக இருந்திருக்கிறது!

அந்தத் தாயார் மறுபடி என்னிடம் வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. "டிரெசர் ஐயா, இனிமே ஆயுசுக்கும் கோதுமை ஆகாதாம். டவுன் கடையில இந்த நோய்க்குன்னு ஒரு ரொட்டி விக்கிறானாம். ஒரு பாக்கெட்டு இருபது வெள்ளிக்கு மேல. நான் எங்கே போவேன் ஐயா?" என்று கண் கலங்கினார்.

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல வருகிறேன். அம்மா, அந்த இருபது வெள்ளி ரொட்டி உங்களுக்கு வேண்டாம். அதைவிட நல்ல சாப்பாடு உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

குளூட்டன் என்றால் என்ன?

ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி வீசி மெல்லிய துணி மாதிரி விரிக்கிறாரே, அது ஏன் கிழிவதில்லை? அரிசி மாவை அப்படி வீச முடியுமா? கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடும் ஒரு புரதம் உண்டாகிறது. அதுதான் குளூட்டன். பிசைந்த உருண்டையைத் தண்ணீரில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். வெள்ளை மாவு பாலாகக் கரைந்து போகும். கையில் மிஞ்சுவது, அமிலம் விட்டு உறைய வைத்த ரப்பர் பால் மாதிரி சவ்வுக் கட்டி. பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கோதுமையில் மட்டுமன்றி, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இந்த வகைப் புரதம் உண்டு. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ, இது உள்ளே போனதும் உடம்பின் காவல் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்புறத்தில் பாசி போல அடர்ந்திருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. பிறகு எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. பிள்ளைகள் வளரமாட்டார்கள். பெரியவர்களுக்குத் தீராத சோகை, அசதி, வயிற்று உப்புசம், எலும்புத் தேய்வு வரும். சிலருக்குப் பேதியே இருக்காது; சோகை மட்டும் விடாது.

இதைக் கண்டுபிடித்த கதை உருக்கமானது. ஹாலந்து நாட்டில் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அங்கே கொடிய பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்தபோது, இந்த நோயால் வாடிய பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். போர் ஓய்ந்து ரொட்டி வந்தது. அந்தப் பிள்ளைகள் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகப்பட்டிருந்த டிக்கே, சோதித்து உறுதி செய்து 1950இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்றுவரை இந்நோய்க்கு மருந்து மாத்திரை இல்லை. குளூட்டன் இல்லாத உணவை ஆயுள் முழுவதும் உண்பதுதான் ஒரே மருத்துவம்.

இது வெள்ளைக்காரன் நோயா?

அப்படித்தான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். மலேசியாவில் இளம் வயதினர் 562 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதில் 1.25 விழுக்காட்டினரிடம் இந்நோயின் அடையாளம் காணப்பட்டது. அதாவது நூறு பேருக்கு ஒருவருக்கு மேல். உலகக் கணக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று வரை போகும். ஆகவே வீட்டில் ஒருவருக்கு என்றால் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்! நிறுத்திவிட்டுப் போனால் இரத்தச் சோதனையில் நோய் தெரியாமல் மறைந்துவிடும். முதலில் சோதனை, பிறகுதான் பத்தியம். "குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டால் எல்லாருக்கும் உடம்பு இளைக்கும், அறிவு கூடும்" என்று சிலர் பேசிக்கொண்டு திரிகிறார்கள். அது வியாபாரப் பேச்சு. நோய் இல்லாதவர் சப்பாத்தி சாப்பிட்டால் ஒரு குறையும் இல்லை. நோய் உள்ளவருக்கோ ஒரு துணுக்கும் ஆகாது.

நம் அடுப்படியில் என்ன இருக்கிறது?

அரிசியில் குளூட்டன் இல்லை. சோறு, கஞ்சி, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம் எதுவும் தாராளமாக ஆகும். (ரவா தோசை ஆகாது, ரவை கோதுமைதான்.) கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகும். பருப்பு வகைகள், கடலை, பயறு ஆகும். மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கெலடி, ஜவ்வரிசி ஆகும். மீன், முட்டை, கோழி, கீரை, காய், பழம், தேங்காய்ப்பால் அனைத்தும் ஆகும். கடையில் வாங்குவதானால் மீஹூன், கொய்த்தியோ இரண்டும் அரிசியில் செய்பவை. மஞ்சள் மீயும் பாக்கெட்டு மீயும் கோதுமை.

"புளுட் அரிசி ஒட்டுகிறதே, அதில் குளூட்டன் இருக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. அந்த ஒட்டும் தன்மை அதன் மாவுச்சத்தால் வருவது. புளுட்டும் ஆகும்.

ஆனால், குளூட்டன் இல்லை என்பதாலேயே ஓர் உணவு நல்ல உணவு ஆகிவிடாது. இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் கருத்து. சீனியிலும் குளூட்டன் இல்லை. அதற்காகச் சீனியைத் தின்று வாழ முடியுமா? அடிபட்ட குடல் ஆறுவதற்கு இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின், புரதம் எல்லாம் வேண்டும். வெள்ளைச் சோறும் கிச்சாப்பும் மட்டும் போட்டால் பேதி நிற்கலாம், பிள்ளை தேறாது. கிச்சாப்பு பற்றித் தனியே சொல்கிறேன்.

எந்த அரிசி, எந்த மாவு?

நம் தோட்ட வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் வீங்கி, மரத்து, இதயம் நின்று சாவார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களிடையே இது கடுமையாக இருந்தது. தமிழ்த் தொழிலாளர்களிடையே அரிது. ஏன்? அவர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. நம் முன்னோர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது, தவிட்டில் இருக்கும் வைட்டமின் உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போடும் தொழிலாளர்களைக் கொண்டு சோதித்து, தீட்டிய அரிசியே காரணம் என்று நிலைநாட்டினார்கள்.

அந்தப் புழுங்கல் அரிசியை இன்று நாமே "பழைய காலத்துச் சோறு, வாடை அடிக்குது" என்று ஒதுக்குகிறோம்! கோதுமை ஆகாதவர் வீட்டில் தினச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசியோ தீட்டாத சிவப்பரிசியோ வாங்குங்கள். இட்லிக்கு உளுந்து சேருவதால் புரதமும் வருகிறது.

அடுத்தது கேழ்வரகு. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தால் அதிகம். எலும்பு தேயும் நோய்க்கு இதைவிட வேறு மாவு எதற்கு? காலையில் கூழாகவோ, அடையாகவோ, புட்டாகவோ கொடுக்கலாம்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அதுதான் நம் தாத்தா பாட்டிமார் உயிரைப் பிடித்து வைத்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது வயிற்றை நிரப்பும், வளர்க்காது. புரதம் மிகக் குறைவு. ஜவ்வரிசியும் அப்படியே. கிழங்கு வைத்தால் கூடவே மீன் குழம்போ, நெத்திலிச் சம்பலோ, பயறோ வையுங்கள். தோலை உரித்து நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடவும் மறக்காதீர்கள். பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு.

சோகைக்கு முருங்கைக்கீரை, பசலை, மீன், ஈரல், பயறு. கீரையோடு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கொல்லையில் இருக்கும் முருங்கைக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஒளிந்திருக்கும் கோதுமை

ரொட்டியையும் சப்பாத்தியையும் நிறுத்துவது சுலபம். கண்ணுக்குத் தெரியாமல் வருவதுதான் ஆளைக் கெடுக்கும்.

கிச்சாப்பு: சோயாவோடு கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பதே பெரும்பாலான கிச்சாப்பு. கடையில் பிரட்டும் மீஹூனிலும் கொய்த்தியோவிலும் இது விழும். வீட்டில் உப்பும் மிளகும் போட்டுப் பிரட்டுங்கள்.

பெருங்காயம்: தூளாகவும் கட்டியாகவும் விற்பதில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். சாம்பார், ரசம், சுண்டல், முறுக்கு எல்லாவற்றிலும் இது நுழைகிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் உண்டு, கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பூண்டே போதும்.

பார்லித் தண்ணீர்: "சூட்டுக்கு நல்லது" என்று பிள்ளைக்குக் கொடுக்கிறோம். இந்நோய்க்கு ஆகவே ஆகாது. மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களும் அப்படியே. மால்ட் என்பது பார்லியிலிருந்து வருவது.

சைவ இறைச்சி: புரட்டாசி விரதத்தில் சீனர் கடையில் வாங்கும் சைவக் கோழி, சைவ ஆட்டிறைச்சியில் பல, முன்னே சொன்ன அந்தச் சவ்வுக் கட்டியால் செய்தவை. அதாவது முழுக்க முழுக்கக் குளூட்டன்!

சேமியா, மீன் உருண்டை, சாசேஜ், மாவில் தோய்த்துப் பொரித்த கோழி, வாழைப்பழப் பொரியல், கறிபாப், ஆப்பாம் பாலிக் எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். ஓட்ஸ் தானியம் கோதுமையோடு கலந்தே ஆலைகளிலிருந்து வருவதால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பாக்கெட்டில் வாங்கும்போது பின்புறம் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதை எழுதியே ஆகவேண்டும் என்று நம் நாட்டு உணவு விதிகள் சொல்கின்றன. மலாயில் "கண்டும்" என்றிருந்தால் அது கோதுமை. படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

அடுப்படியிலும் கவனம் தேவை. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை ஊற்றாதீர்கள். தனிக் கல் வையுங்கள். கறிபாப் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதீர்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த உடனே நம் அரிசியைக் கொட்டினால் கோதுமையும் சேர்ந்தே வரும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியதை வீட்டு மிக்சியில் அரைப்பது நல்லது.

பலகாரத்துக்கு எங்கே போவது?

பிள்ளை என்றால் பலகாரம் கேட்கத்தான் செய்யும். பத்தியம் என்று சொல்லி அதன் வாயைக் கட்டிப் போட்டால், ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஒளிந்து பிஸ்கட்டுத் தின்னும். தவறு பிள்ளைமேல் இல்லை.

தீபாவளிக்கு நெய் உருண்டை பாசிப்பயற்று மாவு. அதிரசம் அரிசியும் வெல்லமும். முறுக்கு அரிசியும் உளுந்தும். பெருங்காயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓமப்பொடி கடலை மாவு. அச்சு முறுக்கில் சிலர் கோதுமை மாவு கலக்கிறார்கள்; நீங்கள் அரிசி மாவிலேயே செய்யுங்கள். சர்க்கரைப் பொங்கல், கொழுக்கட்டை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், ஜவ்வரிசிப் பாயசம் எல்லாம் நம்முடையவை. மலாய்க்காரர் பலகாரத்தில் ஒண்டே ஒண்டே, டோடோல் இரண்டும் புளுட் மாவில் செய்வது. கேட்டுவிட்டு வாங்கலாம்.

கேசரி ஆகாது. கோயிலில் பிரசாதம் என்று நீட்டினாலும் ஆகாது. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

டவுனில் "குளூட்டன் இல்லாதது" என்று விற்கும் பிஸ்கட்டும் கேக்கும் பலவற்றில் இருப்பது மரவள்ளி மாவு, சீனி, எண்ணெய். நார்ச்சத்தும் இரும்பும் குறைவு. பிறந்தநாளுக்கு ஒருமுறை வாங்கிக் கொடுங்கள், பிள்ளை மகிழட்டும். ஆனால் அதுவே மருந்து என்று நம்பிச் சம்பளத்தை அங்கே கொட்டாதீர்கள். வீட்டுப் பலகாரத்திலும் சீனியை அளந்தே போடவேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

"ஒரு துண்டு தானே!"

இந்த நோயில் ஆளை வாட்டுவது பசியல்ல, பேச்சு. "ஒரு துண்டு தின்னா என்ன ஆகிடும்? அம்மாக்காரி பிள்ளையை ரொம்பத்தான் பொத்தி வளர்க்கிறா" என்று பாட்டிமாரும் அத்தைமாரும் சொல்வார்கள். கணக்கைக் கேளுங்கள். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக அளவுகோல். ஒரே ஒரு துண்டு ரொட்டியில் இருப்பதோ சுமார் 2,000 மில்லிகிராம்! அந்த ஒரு துண்டு, தாய் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய குடலை மறுபடி புண்ணாக்கும். அன்பு காட்ட நினைத்தால் ஒரு வாழைப்பழம் கொடுங்கள்.

நம் கிளைச் சங்கங்களுக்கும் ஒன்று சொல்வேன். கூட்டம் என்றால் கறிபாப்பும் ரொட்டியும்தான் வைக்கிறோம். ஒரு தட்டு அவித்த கடலையும் வாழைப்பழமும் சேர்த்து வைத்தால் என்ன செலவு கூடிவிடும்? இந்நோய்க்காரர் மட்டுமல்ல, நீரிழிவுக்காரரும் வாழ்த்துவார். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் இடங்களில், கோதுமை ஆகாத பிள்ளைக்குச் சோறு கேட்டு வாங்குவதில் பெற்றோருக்குத் துணை நில்லுங்கள். தனியொரு தாய் கேட்டால் "இவ ஒருத்திதான் தொல்லை" என்பார்கள். நாலு பேர் கேட்டால் அது கோரிக்கை. சங்கத்தில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

பூச்சி மருந்துக்கும் டானிக்குக்கும் கேட்காத சோகை, நிற்காத பேதி, வளராத பிள்ளை என்று யார் வீட்டில் இருந்தாலும், கிளினிக்கில் "சீலியாக்குக்கு இரத்தம் பார்க்க வேணுமா?" என்று துணிந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அன்றைக்கு அந்தத் தாய்க்கு யாராவது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருந்தால், என்னைப் போன்ற ஒருவனுடைய ஏச்சை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்கிறீர்களா? கோதுமையை விட்ட சில வாரத்தில் பேதி நின்றது. பிறகு கன்னத்தில் சதை பிடித்தது. போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டில் நெய் உருண்டையை அவளே கொண்டுவந்து நீட்டி, "சாப்பிடுங்க தாத்தா, இதுல கோதுமை இல்ல" என்றாள். இருபது வெள்ளி ரொட்டி அந்த வீட்டுக்குள் ஒருநாளும் போகவில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன், தோழர்களே?